நெடுந்தூர நடைக்கு அல்ட்ராலைட் முதுகுப்பை: தேர்ந்தெடுப்பது முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

முதுகுப்பையைக் கடைசியில் வாங்குங்கள். இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது பையைத்தான். பை வீட்டுக்கு வந்துவிட்டால் பயணமே உறுதியான மாதிரி ஓர் உற்சாகம் வரும். ஆனால் எந்தப் பை சரி என்பதை அதற்குள் போகப்போகும் கூடாரம், படுக்கை, உடை, சாப்பாடு, தண்ணீர் ஆகியவைதான் முடிவுசெய்யும். முதலிலேயே 65 லிட்டர் பையை வாங்கியவர் 65 லிட்டருக்கும் சாமான் சேர்த்துவிடுவார். காலியிடத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

1955இல் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பெண்மணி, தன் 67ஆம் வயதில், அமெரிக்காவின் கிழக்கே நீளும் அப்பலாச்சியன் நெடும்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். சுமார் 3,300 கி.மீ. தானே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். கூடாரம் இல்லை, ஒரு போர்வையும், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் திரையும்தான். அதன் பிறகு 1990களில் ரே ஜார்டின் என்ற மலையேறி, ஃப்ரேமோ (பையை விறைப்பாக நிறுத்தும் சட்டம்) இடுப்புப் பட்டையோ இல்லாத சிறு பைகளைத் தானே தைத்துக்கொண்டு மிக நீண்ட பாதைகளை நடந்தார். குறைந்த சுமையோடு நடக்கும் முறையைப் பலருக்கும் கற்றுக்கொடுத்தார். இருவரிடமும் சுமையே குறைவு. அதனால்தான் அவ்வளவு எளிய பை அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இன்று அல்ட்ராலைட் பை வாங்கும் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, எடை குறைந்த பைக்குள் பழைய சுமையையே திணிக்கிறார்கள். தோள் வலிக்கத் தொடங்குவது அங்கேதான்.

படி 1: தராசில் தொடங்குங்கள்

சமையலறையில் மாவு நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். கொண்டுபோகப் போகும் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எடையை நம்ப வேண்டாம். கூடாரத்தின் ஆணிகள், கயிறுகள், அதன் உறை என்று விட்டுப்போகும் விஷயங்கள் நிறைய.

சாப்பாடு, தண்ணீர், அடுப்பு எரிபொருள் ஆகிய தீர்ந்துபோகும் பொருட்களை விட்டுவிட்டு, பையையும் சேர்த்து முதுகில் ஏறும் மற்ற எல்லாவற்றின் கூட்டுத்தொகையை அடிப்படை எடை என்பார்கள். உடம்பில் போட்டிருக்கும் துணியும் கையில் இருக்கும் நடைக்கோலும் இதில் சேராது. அடிப்படை எடை 10 பவுண்டுக்குள், அதாவது ஏறத்தாழ 4.5 கிலோவுக்குள் இருந்தால் அல்ட்ராலைட் என்றும், 9 கிலோவுக்குள் இருந்தால் லைட்வெயிட் என்றும் சொல்வது வழக்கம். இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. 5.2 கிலோவில் நிற்பவர் தோற்றுப்போனவர் அல்ல. ஆனால் தன் எண் எது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, தீர்ந்துபோகும் பொருட்கள். நாள் முழுக்க நடப்பவருக்கு உலர்ந்த சாப்பாடு ஒரு நாளைக்கு 700 முதல் 900 கிராம் வரை ஆகும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. இதில் எந்தத் தொழில்நுட்பமும் நமக்கு உதவாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பை இல்லாமல் சாமான் 4.2 கிலோ, பை 0.8 கிலோ. அடிப்படை எடை 5 கிலோ. ஐந்து நாள் சாப்பாடு 4 கிலோ, தண்ணீர் 2 லிட்டர், ஒரு சின்ன கேஸ் குப்பி 200 கிராம். கிளம்பும் காலையில் முதுகில் 11.2 கிலோ. ஐந்தாம் நாள் காலையில் ஒரு நாள் சாப்பாடுதான் மிச்சம், எடை 8 கிலோ அளவுக்கு இறங்கியிருக்கும். இதே ஆள் வறண்ட பகுதியில் நடந்தால் 2 லிட்டருக்குப் பதில் 5 லிட்டர் தண்ணீர் எடுக்க வேண்டியிருக்கும். அப்போது கிளம்பும் எடை 14 கிலோவைத் தாண்டிவிடும்.

ஆக, உங்களுக்கு இரண்டு எண்கள் வேண்டும்: அதிகபட்ச எடை எவ்வளவு, அந்த எடையோடு எத்தனை மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். வாரத்துக்கு ஒரு காலை மட்டும் 12 கிலோ என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தினமும் 12 கிலோ என்றால் அது வேறு பை. இது உங்கள் உடம்பைப் பொறுத்தது போலவே பாதையையும் பொறுத்தது. அப்பலாச்சியன் பாதையில் நீரோடைகளும் ஊற்றுகளும் அடிக்கடி வரும், சாமான் வாங்கும் ஊர்களும் கிட்டக்கிட்ட இருக்கும். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை 4,200 கி.மீ.க்கு மேல் நீளும் பசிபிக் கிரெஸ்ட் பாதையின் தென் கலிஃபோர்னியப் பகுதியில் 30 கி.மீ.க்கும் மேல் தண்ணீரே இல்லாத இடைவெளிகள் உண்டு. முதல் பாதையில் சுகமாக இருந்த பை இரண்டாவதில் வதைக்கும்.

படி 2: எத்தனை லிட்டர்?

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வழி அட்டைப்பெட்டி. படுக்கை, கூடாரம், உடைகள், சமையல் பாத்திரம், இவற்றோடு நிஜமான ஐந்து நாள் சாப்பாடு எல்லாவற்றையும், பைக்குள் எப்படி அடுக்குவீர்களோ அப்படியே ஒரு பெட்டியில் அடுக்குங்கள். பெட்டியின் அடிப்பாகம் சுமார் 30 செ.மீ.க்கு 20 செ.மீ. இருந்தால் பையின் வடிவத்துக்கு நெருங்கி வரும். சாமான் எந்த உயரம் வரை வருகிறது என்று அளந்து, நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் லிட்டர். உயரம் 60 செ.மீ. வந்தால் 36 லிட்டர். வெளிப்பாக்கெட்டுகளில் போகும் தண்ணீர் பாட்டில், மழைச்சட்டை, அன்றைய தின்பண்டம் ஆகியவற்றைப் பெட்டியில் போட வேண்டாம்.

சாப்பாட்டை வைக்காமல் இந்தச் சோதனையைச் செய்தால் பயனில்லை. சத்து அடர்ந்த உணவாகத் தேர்ந்தெடுத்தாலும் ஐந்து நாள் சாப்பாடு பத்து லிட்டரைச் சாதாரணமாக அடைத்துக்கொள்ளும்.

இனி கடைப்பக்கம் போகலாம். லிட்டர் எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. முதுகுப்பையின் கொள்ளளவை அளக்க ஏஎஸ்டிஎம் எஃப்2153 என்றொரு தரமுறை இருக்கிறது. 20 மி.மீ. பிளாஸ்டிக் உருண்டைகளால் பையை நிரப்பி, பிறகு அந்த உருண்டைகளை அளக்கும் முறை அது. ஆனால் அல்ட்ராலைட் பை தைப்பவர்களில் பலர் முக்கிய அறை, வெளி வலைப்பாக்கெட், பக்கப் பாக்கெட்டுகள், மேலே நீட்டிக்கொள்ளும் கழுத்து எல்லாவற்றையும் கூட்டிச் சொல்கிறார்கள். 68 லிட்டர் என்று விற்கப்படும் யூஎல்ஏ சர்க்யூட் அப்படிக் கூட்டிச் சொல்லப்படும் பைதான். ஹைப்பர்லைட் மவுன்டன் கியர் நிறுவனத்தின் 2400, 3400 என்ற எண்களோ கன அங்குலக் கணக்கு. முறையே ஏறத்தாழ 40 லிட்டர், 55 லிட்டர். எனவே இரண்டு பைகளை ஒப்பிடும்போது முக்கிய அறை மட்டும் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். இணையப் பக்கத்தில் அது இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள், சிறு நிறுவனங்கள் தயங்காமல் பதில் சொல்லும்.

அடிப்படை எடை 5 கிலோவை ஒட்டி இருப்பவர்களுக்கு எல்லாம் சேர்த்து 40 முதல் 55 லிட்டர் வரை பொருந்தும். 60க்கு மேல் போக வேண்டியிருந்தால் பையை விட்டுவிட்டு, படுக்கையையும் கூடாரத்தையும் மறுபடி பாருங்கள். இடத்தை அடைப்பது அநேகமாக அவை இரண்டில் ஒன்றாக இருக்கும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: கரடிப் பெட்டி. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரின் பல பகுதிகளில் இரவு தங்குபவர்கள் சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத கெட்டியான பெட்டியில் வைத்திருப்பது கட்டாயம். பலரும் எடுத்துப்போகும் பியர்வால்ட் பிவி500 சுமார் 22 செ.மீ. விட்டம், 32 செ.மீ. உயரம், 11.5 லிட்டர் கொள்ளளவு. காலியாகவே 1.1 கிலோவுக்கு மேல். ஒல்லியான 40 லிட்டர் பையில் இது படுக்கைவாட்டில் நுழையாது, நிமிர்த்தி வைத்தால் சுற்றிலும் இடம் வீணாகும். உங்கள் பாதையில் இது தேவை என்றால், பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 3: ஃப்ரேம் வேண்டுமா, வேண்டாமா

இந்தக் கேள்வியில் நிதானமாக நேரம் செலவழியுங்கள்.

ஃப்ரேம் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: சுமையைத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறக்குவது. பையின் முதுகுப்பக்கம் மடங்காமல் விறைப்பாக நின்றால்தான் இடுப்புப் பட்டை எடையைத் தாங்கும். விறைப்பு இல்லாத பையில் எடை ஏற ஏற, தோள்பட்டை (தோளில் மாட்டும் பட்டை) தைத்த இடத்துக்கும் இடுப்புப் பட்டைக்கும் நடுவே பை சுருங்கி உட்காரும். இடுப்புப் பட்டை இறுக்கமாகக் கட்டியிருந்தும் எடை முழுக்கத் தோளில் தொங்கும். கடையில் 5 கிலோ போட்டுப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. நெடுநேரம் தோள்பட்டை அழுந்தினால் தோளருகே ஓடும் நரம்புகள் நசுங்கி விரல்கள் மரத்துப்போகும். அந்த நிலையில் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பது வீரம் ஆகாது. நரம்பு முழுதாகத் தேற வாரங்கள்கூட ஆகலாம்.

ஃப்ரேம் இல்லாத பைகள் 300 முதல் 600 கிராம் வரை இருக்கும். மொத்தச் சுமை 9 கிலோவுக்குள் நின்றால் இவை அவ்வளவு அருமை. உடம்போடு ஒட்டிக்கொள்ளும், பாறைகளில் ஏறி இறங்கும்போது பின்னால் இழுக்காது. 11 கிலோ வரை கொஞ்ச நேரம் சமாளிக்கலாம். அதற்கு மேல் இவற்றை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃப்ரேமில்லாப் பைக்கு அதன் முதுகெலும்பு நீங்கள் அடுக்கும் விதம்தான். ஃபோம் பாயை மடித்து முதுகுப்பக்கம் நிறுத்தலாம். அல்லது உருட்டிய பாயைப் பைக்குள் விட்டு, அது விரிந்து சுவர் போல நின்றதும் நடுவில் சாமானை இறுக்கமாக நிரப்பலாம். இரண்டாவது முறையில் விறைப்பு அதிகம், இட விரயமும் அதிகம். காற்றடைக்கும் மெத்தை வைத்திருப்பவர்கள் அதை மடித்து, லேசாகக் காற்றடைத்து முதுகுப்பக்கம் வைப்பதும் உண்டு. ஆனால் மெத்தை பஞ்சரானால் அன்று படுக்கையோடு ஃப்ரேமும் போய்விடும். எந்த முறையானாலும் பை இறுக்கமாக நிரம்பியிருக்க வேண்டும். சாப்பாடு தீர்ந்து பாதி காலியானதும் தொளதொளவென்று ஆகிவிட்டால் விறைப்பு போய்விடும். இதனால்தான் பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் கயிறுகள் இவற்றில் அவசியம்.

ஃப்ரேம் உள்ள அல்ட்ராலைட் பைகள் அநேகமாக 600 கிராமிலிருந்து 1.1 கிலோ வரை. உள்ளே ஒன்றிரண்டு அலுமினியக் கம்பிகள், அல்லது கார்பன் குழாய்கள், அல்லது ஓரத்தைச் சுற்றி வளைந்து ஓடும் கம்பி வளையம். யூஎல்ஏ சர்க்யூட், காஸமர் கியர் மாரிபோஸா, டர்ஸ்டன் கக்வா, ஸெட்பேக்ஸ் ஆர்க் ஹால் எல்லாம் இந்த வகை. சர்க்யூட்டுக்கும் மாரிபோஸாவுக்கும் நிறுவனங்கள் சொல்லும் உச்ச எடை 35 பவுண்டு, அதாவது 16 கிலோவை ஒட்டி. உச்ச எடை என்பது தாங்கும் எல்லை, சுகமாக நடக்கும் எல்லை அல்ல. அதிலிருந்து இரண்டு மூன்று கிலோ கழித்துக்கொண்டால் நிஜம் கிடைக்கும்.

என் கருத்தைக் கேட்டால், முதல் நெடுந்தூர நடைக்குப் போகிறவர் ஃப்ரேம் உள்ள பையையே எடுக்க வேண்டும். ஃப்ரேமால் கூடும் எடை 300, 400 கிராம். அந்த எடையைச் சுமந்து, எதிர்பாராத இரண்டு லிட்டர் தண்ணீரையும் கூடுதல் ஒரு நாள் சாப்பாட்டையும் பயமில்லாமல் எடுத்துக்கொள்ளும் சுதந்திரத்தை வாங்குகிறீர்கள். அடிப்படை எடை நான்கு கிலோவுக்கும் கீழே இறங்கி, அது அங்கேயே நிற்கிறது என்று ஒரு முழுப் பயணத்தில் தெரிந்த பிறகு ஃப்ரேமை விடலாம்.

படி 4: அளவெடுப்பது

சட்டைக்கு அளவெடுப்பதைவிடப் பைக்கு அளவெடுப்பது முக்கியம், அதுவும் உயரத்தை அல்ல, முதுகு நீளத்தை. ஆறடி மனிதருக்குக் குட்டை முதுகும் நீண்ட காலும் இருக்கலாம்.

தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்திக்கொண்டு ஒரு எலும்பு தெரியும். ஏழாவது கழுத்தெலும்பு அது. அடுத்து, இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்துக் கட்டைவிரல்களை முதுகுப்பக்கம் திருப்புங்கள். இரு விரல்களையும் இணைக்கும் கோடு முதுகெலும்பைத் தொடும் இடத்துக்கும் அந்தக் கழுத்தெலும்புக்கும் நடுவே உள்ள நீளம்தான் உங்கள் முதுகு நீளம். வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். தானே அளந்தால் முதுகு வளைந்து எண் மாறும். தையல் டேப் முதுகின் வளைவோடு ஒட்டிப் போக வேண்டும். வரும் எண்ணை அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையில் மட்டும் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் ஸ்மாலாக இருக்கும். இரண்டு அளவுகளுக்கு நடுவே விழுந்தால், ஃப்ரேம் உள்ள பையில் நான் பெரியதைத்தான் எடுக்கச் சொல்வேன். சுமை ஏறியதும் எல்லாப் பையும் கொஞ்சம் கீழே உட்காரும்.

இடுப்புப் பட்டையின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. இங்கே ஒரு விஷயத்தைப் புதியவர்கள் யாரும் யோசிப்பதில்லை: மாதக்கணக்கில் நடப்பவர்கள் மெலிந்துவிடுவார்கள். கிளம்பும்போது பட்டையை முழுசாக இழுத்து இறுக்கினால்தான் பொருந்துகிறது என்றால், நடுப்பயணத்தில் அது இடுப்பில் நிற்காது. இரண்டு பக்கத்து மெத்தைப் பகுதிகளும் முன்னால் ஒன்றையொன்று நெருங்காமல், நடுவே ஒரு சாண் அளவாவது இடைவெளி இருக்கட்டும். பட்டையை மட்டும் கழற்றி மாற்றும் வசதி உள்ள பை இதில் மிகவும் உதவும்.

தோள்பட்டைகளில் ஜே வடிவம், எஸ் வடிவம் என்று இரண்டு உண்டு. மார்பு விரிந்தவர்களுக்கும் பெண்கள் பலருக்கும் எஸ் வடிவம் அக்குளில் உரசாமல் வளைந்து போகும். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் இரண்டையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். தோளுக்கு மேலே பையின் உச்சிக்கு இழுக்கும் சின்னப் பட்டைகள், ஃப்ரேம் தோளைவிட உயரமாக நிற்கும் பைகளில்தான் வேலை செய்யும். ஃப்ரேமில்லாப் பையில் அவை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

படி 5: துணி

இன்றைய அல்ட்ராலைட் பைத் துணிகளில் பாதி, பாய்மரப் படகுகளிலிருந்து வந்தவை. காற்றைத் தாங்க வேண்டும், நீளக் கூடாது, எடை இருக்கக் கூடாது. படகுப் பாய்க்குத் தேவையான குணங்கள்தான் பைக்கும் தேவைப்பட்டன.

முதலில் நைலான். துணி விவரத்தில் 100டி, 210டி என்று இருக்கும். டி என்பது டெனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்ற கணக்கு. எண் கூடினால் நூல் பருமன், உரசலைத் தாங்கும், எடையும் கூடும். ரோபிக் என்ற நைலான் வகை பல பைகளில் வருகிறது. விலை குறைவு, நன்றாக உழைக்கும், கிழிந்தால் ஊசி நூலால் தைத்துவிடலாம். ஈரத்தை இழுத்து எடை கூடும் என்பது குறை. உட்புறப் பூச்சு சில வருடங்களில் பிசுபிசுத்து உரியக்கூடும், குறிப்பாக ஈரத்தோடு மூட்டை கட்டி வைத்தால்.

எக்ஸ்பேக் பல அடுக்குத் துணி. வெளியே நைலான், நடுவே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பாலியஸ்டர் நூல், அதன் பின்னே நீர் புகாத படலம். கொஞ்சம் கனம், கொஞ்சம் விறைப்பு. வடிவம் கலையாமல் நிற்பதால் ஃப்ரேமில்லாப் பைக்கு நல்லது.

டைனீமா காம்போசிட் துணிக்கு முன்பு கியூபன் ஃபைபர் என்று பெயர். டைனீமா என்ற மிக வலுவான பாலிஎதிலீன் இழைகளை நெசவு செய்யாமல் இரண்டு மெல்லிய பாலியஸ்டர் படலங்களுக்கு நடுவே ஒட்டித் தயாரிப்பது. நீளாது, தண்ணீரை இழுக்காது, எடைக்கு மிகவும் வலுவானது. ஆனால் கூர்மையான கல் உரசினால் படலம் ஓட்டை விழும். அதனால் பைகளுக்கு மேலே பாலியஸ்டர் நெசவு ஒட்டிய கனமான வகையைத்தான் பயன்படுத்துகிறார்கள். பை வாங்கும்போது அந்தக் கனமான வகைதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அல்ட்ரா என்ற துணி இவற்றில் புதியது. டைனீமாவின் இனத்தைச் சேர்ந்த பாலிஎதிலீன் நூலை நெய்து, பின்னால் படலம் ஒட்டியது. உரசலில் இதை வெல்வது கடினம். அல்ட்ரா 200 என்றால் நூல் 200 டெனியர். இதன் பலவீனம் படலம் நெசவிலிருந்து பிரிவது. அடிக்கடி கசங்கும் இடங்களில் பிரிந்து, நீர் உள்ளே வரும். பை கிழியாது, நீர் மட்டும் புகும். இந்த நூல்கள் 145 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகக்கூடியவை என்பதால் அடுப்புக்குப் பக்கத்தில் பையைச் சாய்த்து வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

எதை எடுக்கலாம்? எடைக்கும் உழைப்புக்கும் அல்ட்ரா. குறைந்த செலவுக்கும் எங்கும் சரிசெய்துகொள்ளும் வசதிக்கும் நைலான். துணியைவிட நான் முதலில் பார்ப்பது தையல். தோள்பட்டை தைத்த இடம், இடுப்புப் பட்டை சேரும் இடம், பக்கப் பாக்கெட்டின் அடிமூலை இந்த மூன்றிலும் நெருக்கமான குறுக்குத் தையல் இருக்கிறதா, உள்ளே பிசிர் தெரியாமல் பட்டி போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். நடுப்பாதையில் பழுதாகும் பைகள் பெரும்பாலும் தையலில்தான் பிரிகின்றன.

படி 6: பாக்கெட், வாய், மழை

தண்ணீர் பாட்டிலைப் பையைக் கழற்றாமல் எடுக்கவும் திரும்ப வைக்கவும் முடிய வேண்டும். எடுப்பது எளிது, திரும்ப வைப்பதுதான் சிக்கும், இரண்டையும் சோதியுங்கள். வெளியே பெரிய வலைப்பாக்கெட் இருந்தால் ஈரக் கூடாரம் அதில் போகும். மெல்லிய, ரொம்ப நீளும் வலை முள்ளில் மாட்டிக் கிழியும். கெட்டி வலை நல்லது. தோள்பட்டைப் பாக்கெட்டில் ஃபோன், சின்னத் தின்பண்டம். மற்றபடி ஜிப் எத்தனை குறைவோ அத்தனை நல்லது.

வாய்க்கு, சுருட்டி மூடும் வகையைப் போல் எளிமையானது வேறில்லை. சாமான் குறையக் குறைய இன்னும் இரண்டு சுற்று சுருட்டிக்கொள்ளலாம்.

மழைக்கு மேலுறை வாங்காதீர்கள். காற்றில் பறக்கும், முதுகுப்பக்கம் நனைவதைத் தடுக்காது. உள்ளே ஒரு பெரிய, கெட்டியான பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் படுக்கையையும் உலர்ந்த துணியையும் வைத்து வாயை முறுக்கிவிடுங்கள். துணி நீர் புகாதது என்று எழுதியிருந்தாலும் தையல் ஓட்டைகள் வழியே நீர் வரும். எனவே உட்பை எல்லோருக்கும் வேண்டும்.

படி 7: திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள் சோதனை

சிறு நிறுவனங்கள் ஆர்டர் வந்த பிறகே தைப்பார்கள். வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். நாடு விட்டு நாடு வந்தால் சுங்கவரியும் சேரும். கிளம்பும் தேதிக்கு மிகவும் முன்னதாகவே ஆர்டர் கொடுங்கள். பயன்படுத்தாத பையை எத்தனை நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் முதலிலேயே படித்துவிடுங்கள்.

பை வந்ததும் தலையணையைத் திணித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. நிஜச் சாமான், நிஜ அதிகபட்ச எடை. அடியில் படுக்கையும் உடையும். அதன்மேல், முதுகை ஒட்டி நடுவில் சாப்பாடு. கனமான பொருள் முதுகிலிருந்து விலக விலக உங்களைப் பின்னால் இழுக்கும். மேலே மழைச்சட்டையும் பகலில் வேண்டியவையும்.

போடும் வரிசை இதுதான். எல்லாப் பட்டைகளையும் தளர்த்துங்கள். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பில் வைத்து முதலில் இறுக்குங்கள். அப்புறம் தோள்பட்டை, அதுவும் உடம்பைத் தொடும் அளவுக்கு மட்டும். மேல் பட்டைகள் இருந்தால் லேசாக இழுங்கள். மார்புப் பட்டை கடைசி. அது மூச்சை அடைக்கக் கூடாது. இப்போது தோள்பட்டைக்கு அடியில் ஒரு விரல் எளிதாக நுழைந்தால் எடை இடுப்பில் இருக்கிறது என்று பொருள். விரல் நசுங்கினால் பை நீளம் குறைவு, அல்லது ஃப்ரேம் போதவில்லை.

வீட்டுக்குள்ளேயே இரண்டு மணி நேரம் போட்டுக்கொண்டு இருங்கள். படி ஏறுங்கள், குனிந்து செருப்பு மாட்டுங்கள், உட்கார்ந்து எழுந்திருங்கள். முதல் அரை மணியில் எந்தப் பையும் சுகம்தான். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஒரே இடத்தில் எரிச்சல் வந்தால், பட்டைகளை மாற்றி மாற்றிப் பாருங்கள். அப்படியும் அதே இடம் எரிந்தால், தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். பழகிவிடும் என்று சொல்லித் தேற்றிக்கொள்ள வேண்டாம். கல்லான பழைய தோல்பைகள் பழகி இளகியிருக்கலாம். இந்தத் துணிகள் இளகாது.

பாதையில் பராமரிப்பு

ஒரு ஊசி, பல்லிடுக்கு சுத்தம் செய்யும் கெட்டி நூல், கையகல ஒட்டுத் துண்டு, இடுப்புப் பட்டைக்கு ஒரு மாற்று பக்கிள். நான்கும் சேர்ந்து 30 கிராமுக்குள் முடியும். ஓட்டையைச் சின்னதாக இருக்கும்போதே ஒட்டிவிடுங்கள், முடிந்தால் உள்ளும் புறமும். ஒட்டுவதற்கு முன் இடத்தைத் துடைத்து முழுக்கக் காயவிடுவது அவசியம். வியர்வை உப்பு தோள்பட்டையில் படிந்தால் தோலை அறுக்கும். தண்ணீர் கிடைக்கும் இடத்தில் பட்டைகளை மட்டும் அலசுங்கள். வாஷிங் மெஷினில் ஒருபோதும் போடாதீர்கள், படலம் உரிந்துவிடும்.

தங்கும் இடத்தில் பையைத் தோள்பட்டை ஒன்றைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை விடுங்கள். மேலே பிடிப்பதற்கென்று ஒரு வளையம் தைத்திருக்கும், அதைப் பிடித்துத் தூக்குங்கள். பாறையில் உட்காரும்போது பையைத் தரையில் இழுக்காமல் தூக்கி வையுங்கள். வாரத்துக்கு ஒரு முறை, சாமான் வாங்கும் ஊரில் பையைக் காலி செய்து உட்புறத்தைத் திருப்பி, மூன்று முக்கியத் தையல்களையும் விரலால் தடவிப் பாருங்கள். நூல் பிரியத் தொடங்கியிருந்தால் அந்த ஊரிலேயே தைத்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த தையல் இயந்திரம் ஐந்து நாள் நடைத் தூரத்தில் இருக்கலாம்.